இலச்சினை முதல் கடவுச்சொல் வரை

எழுதக் கற்ற நாள் தொட்டே மனிதனுக்கு ஒரு கவலை உடன்பிறந்திருக்கிறது. எழுதியது வேண்டாதவர் கண்ணில் படலாகாதே என்பது அக்கவலையின் ஒரு முகம். எழுதியதை வேறொருவர் திருத்திவிடலாகாதே என்பது மற்றொரு முகம். எழுதியது அழிந்தொழிந்து போகலாகாதே என்பது மூன்றாவது முகம். ஓலையில் கீறிய காலத்திலும், செம்பில் வெட்டிய காலத்திலும், காகிதத்தில் அச்சிட்ட காலத்திலும் இக்கவலை இருந்தது. கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் எழுதுகின்ற இந்நாளிலும் இருக்கிறது. கணிப்பொறிப் பாதுகாப்பு என்று இன்று பெரிதாகப் பேசப்படும் துறையின் வேர் இம்மூன்று கவலைகளிலேதான் ஊன்றி நிற்கிறது. மறைவு, மாறாமை, அழியாமை என அவற்றுக்குப் பெயரிட்டுக்கொண்டு, இத்துறையின் வரலாற்றைப் பெரும்பாலும் நம் நாட்டுச் சான்றுகளைக் கொண்டே இன்று கூற விரும்புகிறேன்.

நான் பொறியியல் கற்றவன் அல்லேன். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதிப் பள்ளிகளில் வரலாறு கற்பித்து, தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆயினும் எங்கள் கரிசற்காட்டு ஊர்களுக்குக் கணிப்பொறி வந்து சேர்ந்த விதத்தை அருகிருந்து கண்டிருக்கிறேன். 2011-ஆம் ஆண்டில் தமிழக அரசு மேல்நிலை மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிற்று. தையல் எந்திரம்கூட இல்லாத வீடுகளுக்குள் அன்று கணிப்பொறி நுழைந்தது. பின்னர் மாணவர் வருகைப் பதிவும் மதிப்பெண்ணும் இணையத்தின் வழியே நடைபெறலாயின. இன்று நியாயவிலைக் கடையில் அரிசி வாங்க விரல் ரேகை கேட்கிறார்கள். ஓய்வூதியம் வங்கிக் கணக்கில் வந்து விழுந்த செய்தி கைப்பேசியில் ஒலிக்கிறது. கணிப்பொறியைக் கண்ணால் காணாத மூதாட்டியின் வாழ்வும் கணிப்பொறிக்குள் இருக்கிறது. ஆதலின் அதன் காவலைப் பற்றிப் பேசுவது பொறியாளர்க்கு மட்டும் உரிய வேலையாகாது.

எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் நீர் ஓடும் நாள்கள் சில. மழை பெய்தபோது தேக்கிவைக்கும் கண்மாயே எங்கட்கு உயிர். கண்மாய்க் கரையை அறிந்த உழவர் ஒரு செய்தி சொல்வார்கள். கரை உடைவதற்கு வெள்ளத்தின் வலிமையைக் குறை சொல்லுகிறோம். ஆனால் பல சமயம் உடைப்புக்கு வித்திட்டது, கோடைக்காலத்தில் எவரும் அடைக்காமல் விட்ட எலிவளையாக இருக்கும் என்பார்கள். இனி நான் கூறப்போகும் வரலாற்றில் இவ்வுண்மையையே பன்முறை காண்போம்.

முதலில் மாறாமையை எடுத்துக்கொள்வோம். 1905-ஆம் ஆண்டில் திருவாலங்காட்டில் கிடைத்த சோழர் செப்பேடுகள் புகழ் பெற்றவை. முதலாம் இராசேந்திர சோழன் காலத்து அறக்கொடை ஒன்றைக் கூறும் அச்செப்பேட்டுத் தொகுதியில் 31 ஏடுகள் உள்ளன. ஒவ்வோர் ஏட்டிலும் துளையிட்டு, எல்லாவற்றையும் ஒரு பெரிய வளையத்தில் கோத்து, வளையத்தின் இரு முனைகளும் சேருமிடத்தில் அரசனின் இலச்சினையைப் பொருத்தியிருக்கிறார்கள். புலியும் இரு கயலும் வில்லும் அவ்விலச்சினையில் உண்டு. இவ்வளவு பெரிய ஏற்பாடு அழகுக்காக மட்டும் செய்யப்பட்டதன்று. இடையிலுள்ள ஓர் ஏட்டை உருவிவிட்டு, நிலத்தின் எல்லையை மாற்றி எழுதிய வேறோர் ஏட்டைச் செருக வேண்டுமானால் வளையத்தை அறுத்தே தீர வேண்டும். அறுத்தால் தடம் தெரியும். செப்பேடு ஒன்று கிடைத்ததும் அதன் வளையம் முன்பே அறுபட்டிருந்ததா என்று கல்வெட்டறிஞர் குறித்து வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்டவை அவை. ஊராட்சி வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்த விதிகளை அவை கூறுகின்றன. நம் பாடநூல்கள் அவற்றில் மக்களாட்சியைக் காட்டுகின்றன. நான் அவற்றில் வேறொன்றையும் கண்டு வியப்பதுண்டு. ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்குவது சபையார் அனைவரும் காணும்படி நடக்க வேண்டும். ஓலையை எடுப்பவன் எதையும் பகுத்தறியாத சிறு பிள்ளையாக இருக்க வேண்டும். எடுத்த ஓலையை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். அவன் படித்த பெயரை அங்குள்ள நம்பிமாரும் படிக்க வேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலையை மறைத்து வைத்திருப்பானோ என்ற ஐயத்துக்கும் இடம் வைக்காத விதி இது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் காவலை மறைவில் வைக்கவில்லை. எல்லார் கண்முன்னும் வைத்தார்கள்.

இன்றைய கணிப்பொறி இவ்விரண்டையும் தன் வழியில் செய்கிறது. ஓர் ஆவணம் முழுவதையும் கணக்கிட்டு, அதிலிருந்து சுருக்கமான ஓர் எண்ணைக் கணிப்பொறி வடித்தெடுக்கும். ஆவணத்தில் ஒரு புள்ளியை மாற்றினாலும் அவ்வெண் முற்றிலும் வேறாகிவிடும். அந்த எண்ணைக் கையொப்பமிடுவோர் தமக்கே உரிய மறைசாவியால் பூட்டி ஆவணத்தோடு சேர்ப்பது மின்னணுக் கையொப்பம். செப்பேட்டு வளையத்தின் புதிய வடிவம் இது. நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம் இக்கையொப்பத்துக்குச் சட்ட மதிப்பு அளித்தது. இன்று இணையத்தில் பெறும் பட்டாவின் ஓரத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள் நிறைந்த குறி ஒன்று இருக்கக் காணலாம். அதைக் கைப்பேசியால் படித்து அரசுப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்க இயலும். காட்டை விற்க வருபவர் நீட்டும் தாளை மட்டும் நம்பி முன்பணம் கொடுக்கும் வழக்கம் எங்கள் ஊர்ப்புறங்களில் இன்னும் உண்டு. இலச்சினை இருந்தும் அதைப் பார்ப்பார் இல்லையானால் பயன் யாது?

இலச்சினை இல்லாத ஓலையை நம்பினால் விளையும் கேட்டைத் தமிழகம் 2018-ஆம் ஆண்டில் கண்டது. பிள்ளை பிடிப்போர் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி வாட்ஸ்அப் வழியாக ஊர் ஊராகப் பரவிற்று. எழுதியவர் பெயர் இல்லை, இடம் இல்லை, நாள் இல்லை. அவ்வாண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூருக்கு அருகே, கோயிலுக்கு வந்த குடும்பம் ஒன்று வழியில் வண்டியை நிறுத்தியது. அக்குடும்பத்து மூதாட்டி அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அன்பினால் நீட்டிய கையைக் கண்டு ஊரார் ஐயுற்றனர். திரண்ட கூட்டம் அம்மூதாட்டியை அடித்தே கொன்றது. அவ்வாண்டு சூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐவருக்கு மேல் அனுப்ப முடியாதவாறு அந்நிறுவனம் வரம்பு கட்டிற்று. வரம்பு நல்லதுதான். ஆயினும் அச்செய்தியை ஆராயாமல் அனுப்பிய விரல்கள் மனித விரல்கள் என்பதை மறத்தலாகாது.

அடுத்தது மறைவு. மறையெழுத்தின் வரலாறு மிக நீண்டது. அதில் இரண்டு படிகளை மட்டும் காட்டுகிறேன். முதற்படி 1883-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. பாரிசு நகரில் செருமன் மொழி கற்பித்த ஆகுஸ்த் கெர்க்கோஃப்ஸ் என்னும் ஆசிரியர், போர்க்கால மறையெழுத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மறைக்கும் முறை பகைவன் கையில் சிக்கினாலும் கேடு விளையலாகாது; மறைவாக இருக்க வேண்டியது சாவி ஒன்றே என்பது அவர் கண்ட விதி. முறை ஊரறியட்டும், சாவி உடையவன் மட்டும் அறியட்டும் என்பதே அதன் சாரம். இன்றைய மறையாக்கக் கலை முழுவதும் இவ்விதியின்மேல் நிற்கிறது. பூட்டைப் பலரும் ஆராய்ந்து குறை கண்டு திருத்தினால்தான் பூட்டு வலுப்பெறும். விரித்த கையில் ஓலையை வாங்கச் சொன்ன உத்தரமேரூர்ச் சபையாருக்கு இவ்விதி புதிதாகத் தோன்றியிராது.

இரண்டாம் படி 1976, 1977 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்காவில் நிகழ்ந்தது. அதுவரை மறைச்செய்தி அனுப்புவோரும் பெறுவோரும் ஒரே சாவியை முன்கூட்டியே பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. சாவியை அனுப்பும் வழியிலேயே அது களவு போகலாம். டிஃபி, ஹெல்மன் என்னும் இருவர் இத்தளையை அறுக்கும் வழியை 1976-இல் வெளியிட்டனர். ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்னும் மூவர் அடுத்த ஆண்டில் அதற்கு நடைமுறை வடிவம் கண்டனர். கோயில் உண்டியலை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். உண்டியலில் காசு போட எவருக்கும் சாவி வேண்டா. வாய் திறந்தே இருக்கிறது. எடுப்பதற்கு மட்டும் சாவி வேண்டும். அதுபோல, பூட்டும் சாவியை ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டுத் திறக்கும் சாவியை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்வதே அம்முறை. இன்று வங்கியின் இணையதளத்துக்கு நாம் அனுப்பும் செய்தி இடைவழியில் எவர் கையில் சிக்கினாலும் அவரால் படிக்க முடியாதிருப்பது இவ்வறிஞர்கள் திறந்துவிட்ட வழியால்தான்.

இத்தனை வலிய பூட்டு இருந்தும் வீடு ஏன் களவு போகிறது? இரண்டாம் உலகப் போரில் செருமானியர் எனிக்மா என்னும் மறையெழுத்துப் பொறியைப் பெரிதும் நம்பினர். போலந்து நாட்டுக் கணித அறிஞர் 1932-இலேயே அதன் உட்பொருளைக் கண்டனர். போர்க்காலத்தில் இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் இருந்த அறிஞர்கள் அவ்வேலையைப் பெருக்கினர். கணிதத் திறனோடு அவர்களுக்கு உதவியது மற்றொன்றும் உண்டு. செருமானியப் பணியாளர் சிலர் நாள்தோறும் வானிலை அறிக்கையை ஒரே சொற்களில் தொடங்கினர். சிலர் சாவி எழுத்துகளைச் சோம்பலால் எளிதாக ஊகிக்கும்படி அமைத்தனர். பொறி வலிதாயினும் பழக்கம் மெலிதாக இருந்தது. நம் நாட்டிலும் இதற்கு உவமை தேடத் தொலைவு போக வேண்டா. நான் கண்ட ஓர் அலுவலகத்தில் கணிப்பொறியின் கடவுச்சொல்லைச் சுண்ணாம்புக் கட்டியால் சுவரில் எழுதி வைத்திருந்தார்கள். புதிதாக வருபவர்க்கு வசதியாக இருக்கும் என்பது அங்குக் கிடைத்த விளக்கம். அலுவலகத்தின் பெயர் நமக்கு வேண்டா. அச்சுவர் ஒன்றன்று, பல என்று அறிந்தால் போதும்.

கணிப்பொறிக்குள் புகுந்து கேடு செய்யும் நிரல்களின் வரலாறும் இதையே காட்டும். 1986-இல் இலாகூரில் இரு சகோதரர்கள் தாம் எழுதிய மருத்துவ நிரலைப் பிறர் திருட்டுத்தனமாகப் படியெடுப்பதைத் தடுக்க எண்ணி ஒரு சிறு நிரல் எழுதினர். ‘பிரெய்ன்’ என்னும் பெயர் பெற்ற அதில் தம் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் எழுதி வைத்தனர். அது வட்டு விட்டு வட்டு தாவிக் கடல் கடந்து பரவிற்று. காவலுக்கு வைத்த நாயே ஊரைக் கடித்த கதை இது. 1988 நவம்பர் 2-ஆம் நாள், அமெரிக்க மாணவர் ஒருவர் விடுத்த புழு நிரல் அன்றைய சிறிய இணையத்தில் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளை முடக்கிற்று. அதன் பயனாக அந்நாட்டில் நெருக்கடி உதவிக் குழு ஒன்று அவ்வாண்டே தோன்றியது. நம் நாட்டில் அத்தகைய குழு 2004-இல் பணி தொடங்கிற்று.

2000 மே மாதத்தில் பிலிப்பைன்சு நாட்டிலிருந்து கிளம்பிய நிரல் ஒன்று மின்னஞ்சலில் ஒரு காதல் கடிதமாக வந்தது. ‘உன்னை நேசிக்கிறேன்’ என்பது அதன் தலைப்பு. அதைத் திறக்கும்படி எவரும் வற்புறுத்தவில்லை. உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் தாமே திறந்தார்கள். அக்காலத்தில் பிலிப்பைன்சில் அக்குற்றத்துக்கு உரிய சட்டம் இல்லாமையால் அதை எழுதியவர் தண்டனை பெறவில்லை. நம் நாட்டில் அவ்வாண்டே சட்டம் வந்துவிட்டது என்று முன்னர்க் கூறினேன். அச்சட்டத்தின்கீழ்த் தண்டனை வழங்கிய முதல் வழக்குகளுள் ஒன்று நம் சென்னையில் நடந்ததே. ஒரு பெண்மணியைப் பற்றி இழிவான செய்திகளை இணையக் குழுவில் பரப்பியவருக்கு எழும்பூர் நீதிமன்றம் 2004 நவம்பர் 5-ஆம் நாள் தண்டனை விதித்தது. முறையீடு செய்த ஆண்டிலேயே தீர்ப்பும் வந்தது. பாதிப்புற்ற பெண் அஞ்சி ஒடுங்காமல் காவல்துறையிடம் சென்றதனால்தான் அந்நீதி கிடைத்தது.

2017 மே 12-ஆம் நாள் ‘வான்னாகிரை’ என்னும் நிரல் ஏறத்தாழ 150 நாடுகளில் கணிப்பொறிகளைப் பூட்டி மீட்புப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. அந்நிரல் நுழைந்த வளையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இரண்டு மாதம் முன்னரே, மார்ச்சிலேயே, வெளியிட்டிருந்தது. அடைத்தவர் தப்பினர், அடைக்காதவர் அகப்பட்டனர். கோடையில் ஊரார் கூடிக் கண்மாய்க் கரையைச் செப்பனிடும் வழக்கத்தைக் குடிமராமத்து என்பார்கள். கைப்பேசியும் கணிப்பொறியும் ‘புதுப்பித்துக்கொள்’ என்று நினைவூட்டும்போது, நம்மில் பலர் ‘பிறகு’ என்று தள்ளிவிடுகிறோம். அது குடிமராமத்துக்கு வந்த அழைப்பு என்று கொள்ளுதல் நலம்.

நம் தென்கோடியில் நிகழ்ந்த ஒன்றையும் கூறவேண்டும். 2019 செப்டம்பர் 4-ஆம் நாள், கூடங்குளம் அணுமின் நிலையத்தைச் சேர்ந்த ஒரு கணிப்பொறியில் கேடு செய்யும் நிரல் இருப்பதாக இந்தியாவின் நெருக்கடி உதவிக் குழு அணுமின் கழகத்துக்கு அறிவித்தது. அக்டோபர் இறுதியில் செய்தி வெளியானபோது முதலில் மறுப்பு வந்தது. மறுநாள், அக்டோபர் 30-இல், கழகமே அதை ஒப்புக்கொண்டு அறிக்கை விடுத்தது. இணையத்தோடு இணைந்த நிர்வாகப் பணிக் கணிப்பொறி ஒன்றே பாதிப்புற்றது என்றும், உலையை இயக்கும் உட்கட்டமைப்பு அதனின்று பிரிந்து தனியே இருப்பதால் அதற்கு ஊறு இல்லை என்றும் அறிக்கை கூறிற்று. இதிற் கற்க வேண்டியவை இரண்டு. உலையையும் அலுவலகத்தையும் வெவ்வேறு கரைகளுக்குள் வைத்த முன்யோசனை பயன் தந்தது என்பது ஒன்று. தனியே இருக்கிறது என்ற நம்பிக்கையில் கண்ணயரவும் கூடாது என்பது மற்றொன்று. ஈரானின் நடான்சு அணுநிலையம் இணையத்தோடு இணையாமலே இருந்தது. ஆயினும் 2010-இல் வெளிப்பட்ட ‘ஸ்டக்ஸ்நெட்’ நிரல் அதற்குள் புகுந்தது. விரலளவுள்ள நினைவகக் கோல்களின் வழியே பரவும் வகையில் அந்நிரல் அமைக்கப்பட்டிருந்தது. அக்கோலை உள்ளே கொண்டு செல்வது மனிதன் கையேயன்றோ?

மூன்றாவது அழியாமை. ஓலைச்சுவடிக்கு ஆயுள் சில நூற்றாண்டுகளே. செல்லும் ஈரமும் அதை உண்ணும். பழந்தமிழ் நூல்கள் இன்று நம் கையில் இருப்பது, தலைமுறைதோறும் எவரோ ஒருவர் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதியதனாலேதான். உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சேற்றியபோது, ஊர் ஊராக அலைந்து பல படிகளைத் திரட்டி ஒப்பிட்டார். ஒரு படியில் சிதைந்தது மற்றொரு படியில் இருந்தது. படிகள் பல இடங்களில் இருந்தமையே அந்நூல்களைக் காத்தது. இதற்கு மாறான துயரத்தையும் தமிழர் கண்டிருக்கின்றனர். 1981-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. வேறு படியில்லாதவை மீளவேயில்லை.

அத்தீயின் நினைவு ஆறாத ஈழத்து இளைஞர் 2005-இல் நூலகம் என்னும் மின்னூலகத்தைத் தொடங்கினர். அதற்கு முன்பே, 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் திருநாளில், சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் முதலியோரின் முயற்சியால் மதுரைத் திட்டம் தொடங்கிற்று. ஊதியம் வாங்காத தொண்டர்கள், உலகின் பல மூலைகளிலிருந்து, பழைய நூல்களைத் தட்டெழுதிப் பிழை திருத்தி எவரும் பெறும்படி இணையத்தில் வைத்தனர். ஓலை எழுதிய பெயர் தெரியாத கைகளின் வழித்தோன்றல்கள் என்று அவர்களைப் போற்றுவேன்.

படியெடுத்தால் மட்டும் போதுமா? படிக்கும் வழியும் காக்கப்பட வேண்டும். திருச்சுழிக்கு அருகிலுள்ள பள்ளிமடத்துக் கோயிலில் முற்காலப் பாண்டியர் காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கல் அழியவில்லை, எழுத்தும் அழியவில்லை. ஆனால் அவ்வழியே நாள்தோறும் செல்லும் எங்கள் மக்களுள் அதைப் படிக்க வல்லவர் அரியர். வட்டெழுத்து வழக்கொழிய ஒரு சில நூற்றாண்டுகள் ஆயின. கணிப்பொறித் தமிழில் அத்தகைய அழிவு பத்தே ஆண்டில் நிகழ்ந்துவிட்டது. 1990-களில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனத் தமிழ் எழுத்துருவையும் எழுத்துக் குறியீட்டையும் அமைத்துக்கொண்டது. ஒன்றில் தட்டெழுதியதை மற்றொன்றில் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரியும். 1991-இல் வெளிவந்த ஒருங்குறியில் தமிழுக்கு இடம் இருந்தும் அது வழக்கில் நிலைபெற நெடுநாள் ஆயிற்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாடு விசைப்பலகையையும் குறியீட்டையும் தரப்படுத்த முயன்றது. அதற்குள் எத்தனையோ எழுத்துகள் பூட்டிக்கொண்டன. நான் பணியாற்றிய ஒரு பள்ளியின் ஆண்டு மலர் அக்காலத்து எழுத்துரு ஒன்றில் கோக்கப்பட்டுக் குறுவட்டில் இருக்கிறது. வட்டைப் படிக்கும் எந்திரம் அரிதாகிவிட்டது. எழுத்துரு விற்ற கடை மூடப்பட்டுவிட்டது. பிள்ளைகள் எழுதிய கவிதைகளை இன்று படிக்கக் கூடியது, அன்று அச்சிட்ட தாளில் மட்டுமே. எவரும் மறைக்க எண்ணாமலே மறைந்துபோன எழுத்து அது.

பெரிய நிலையங்களும் இதற்கு விலக்கல்ல. 2022 நவம்பர் 23-ஆம் நாள் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணிப்பொறிகள் தாக்குண்டன. பல நாள்கள் நோயாளிகளின் பதிவைக் கையால் எழுத நேர்ந்தது. கருவி நின்றபோது பழைய பேனாவும் நோட்டும் உயிர் காத்தன. முதன்மையான ஆவணத்துக்கு மற்றொரு படி, இணையத்தோடு இணையாத தனி இடத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு இதனினும் பெரிய பாடம் வேண்டுவதில்லை.

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். முன்னாளில் தந்திக்காரர் தெருவில் நுழைந்தாலே நெஞ்சு படபடக்கும். பிரித்துப் படிக்கும் முன்பே அழத் தொடங்கிய வீடுகளும் உண்டு. 2013 சூலையோடு நம் நாட்டில் தந்தி முறை முடிந்தது. அந்த அச்சம் முடியவில்லை. அது இப்போது கைப்பேசியில் வருகிறது. காவல்துறை அதிகாரி போலவோ சுங்க அதிகாரி போலவோ உடை அணிந்த ஒருவன் திரையில் தோன்றுகிறான். உம் பெயரில் வந்த பொதியில் போதைப்பொருள் இருந்தது என்கிறான். உம்மைத் திரைவழியே கைது செய்திருக்கிறோம், எவரிடமும் பேசலாகாது என்கிறான். முடிவில் பணத்தை ஒரு கணக்குக்கு மாற்றச் சொல்லுகிறான். ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ எனப்படும் இது சட்டத்தில் இல்லாத ஒன்று. 2024 அக்டோபர் 27-ஆம் நாள் பிரதமரே தம் வானொலி உரையில் இதைப் பற்றி எச்சரித்தார்.

எங்கள் வட்டாரத்தில் ஓய்வுபெற்ற ஒருவர் இவ்வலையில் வீழ்ந்தார். அவர் கல்லாதவர் அல்லர். வாழ்நாளெல்லாம் நேர்மையாக இருந்தவர். அந்த நேர்மையே அவருக்குப் பகையாயிற்று. தம் பெயருக்கு மாசு வந்துவிடுமோ என்று நடுங்கி, இரண்டு நாள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு திரைமுன் அமர்ந்திருந்தார். மனைவி கொண்டுவந்த சோற்றையும் உண்ணவில்லை. ஓய்வுபெற்றபோது கிடைத்த தொகையில் பெரும்பகுதி போயிற்று. அதனினும் கொடிது பின்னர் நடந்தது. வெட்கத்தால் ஒரு மாதம் எவரிடமும் அவர் வாய் திறக்கவில்லை. திருட்டு நடந்த சிறிது நேரத்துக்குள் 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவித்தால், பணம் கைமாறிச் செல்லும் வழியில் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. ஒரு மாதம் சென்றபின் தடுப்பதற்கு ஒன்றும் எஞ்சியிருக்கவில்லை. நேயர்களே, வெட்கப்பட வேண்டியவன் திருடன். பறிகொடுத்தவர் வெட்கப்படும் வரையில் திருடனுக்குக் கொண்டாட்டமே.

இவ்வரலாறு முழுவதிலும் எனக்குத் தெரிகின்ற உண்மை இதுதான். அவசரம், அச்சம், ஆசை, சோம்பல் என்னும் எலிவளைகள் வழியாகவே கரை உடைந்திருக்கிறது. பூட்டின் வலிமை ஆண்டுதோறும் வளர்கிறது. அதைத் திறக்கும் மனிதனின் பழக்கமும் உடன் வளர வேண்டும். திருக்குறளில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரம் உண்டு. ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டும் ஆராய்ந்து கொள்ளுமாறு அரசனுக்கு அது அறிவுரை கூறுகிறது. அரசனுக்குக் கூறிய அவ்வறிவுரை இன்று கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொரு குடிமகனுக்கும் உரியது. வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவர் கூறினால், இணைப்பைத் துண்டித்துவிட்டு, வங்கிப் புத்தகத்தில் அச்சிட்டுள்ள எண்ணுக்கு நாமே பேசிப் பார்க்கலாம். கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு எண்ணைக் கேட்பவர் யாராயினும் சொல்ல மறுக்கலாம். மகனின் குரலில் பணம் கேட்டு அழைப்பு வந்தாலும், குரலையும் எந்திரம் போலச் செய்ய வல்ல காலம் இது என்பதை நினைந்து, மகனை அவன் எண்ணில் அழைத்துக் கேட்கலாம்.

வீட்டில் படித்த பிள்ளைகள் இருப்பின், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் தாத்தாவையும் பாட்டியையும் அருகில் அமர்த்தி இவற்றைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். எழுத்தறியாதவர்க்கு எழுத்தறிவித்த நாடு இது; அதனோடு ஒப்பிட்டால் இது சிறிய வேலை. நிலப் பத்திரத்துக்கும் மதிப்பெண் சான்றிதழுக்கும் மற்றொரு படி எடுத்து வேறோர் இடத்தில் வையுங்கள். கைப்பேசியைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். 1930 என்னும் எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். சுவரில் எழுதத் தக்க எண் அதுதான், கடவுச்சொல் அன்று.